ஒரு பெட்டிக்குள் நாலு குடித்தனம்

சகலை வீட்டு மாடிப்படி பதினெட்டு. மூட்டை தூக்குகிறவன் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் படியைத்தான் எண்ணுவான். ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம், தோளில் கயிறும் சட்டைப் பையில் ஒரு பென் டிரைவுமாக நான் அந்தப் பதினெட்டையும் ஏறினேன். கயிறு சகலை சொன்ன வேலைக்கு. பென் டிரைவ் அவர் மகள் சொன்ன வேலைக்கு.

சகலை என்றால் என் மனைவியின் அக்காவைக் கட்டியவர். ஆபீசில் மேஜை வேலை பார்த்து இந்த வருஷம் ரிட்டயர் ஆனவர். நான் பார்சல் கிடங்கில் சுமை இறக்குகிறவன். நாற்பத்தாறு வயதில்தான் எழுத்துக் கற்றேன், யூனியன் ஆபீஸ் பெஞ்சில், வேலை விட்டு வந்த வேர்வையோடு. இன்றைக்கும் விரல் வைத்துத்தான் படிப்பேன். ஒரு எழுத்தைத் தாண்டி அடுத்ததற்குப் போக எனக்குத் தெரியாது. சகலைக்கு இது எட்டு வருஷமாக அலுக்காத வேடிக்கை. நாலு பேர் இருக்கிற இடத்தில் என்னைக் கண்டால் போதும், "என்னப்பா, முந்தாநாள் பேப்பரை முடிச்சிட்டியா?" என்பார்.

அவருடைய பெருமை முழுக்க வீட்டில் இருக்கும் ஒரு கம்ப்யூட்டரில் இருந்தது. மற்றவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு சிஸ்டம் ஓடும். அதிலேயே படம் பார்ப்பார்கள், லெட்டர் அடிப்பார்கள், கரண்ட் பில் கட்டுவார்கள். சகலையின் பெட்டியில் நாலு சிஸ்டம். உள்ளே இருக்கிற ஹார்ட் டிஸ்கை நாலாகத் தடுத்து, தடுப்புக்கு ஒன்றாகக் குடி வைத்திருந்தார். ஒன்று ஓடும்போது மற்ற மூன்றும் செத்தது போலக் கிடக்கும். சுவிட்சைப் போட்டதும் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் நாலு வரி வரும். அம்புக்குறி போட்ட கட்டையைத் தட்டி, வேண்டிய வரியில் நிறுத்தி, திறக்க வேண்டும். மூலையில் பத்து, ஒன்பது, எட்டு என்று எண் இறங்கும். பூஜ்யம் வரைக்கும் எதையும் தொடாவிட்டால் முதல் வரி தானாகத் திறந்துகொள்ளும். எதற்கு நாலு என்று கேட்டால், உனக்குச் சொன்னால் புரியாது என்பார். புரிந்தவர்களிடமும் அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

வரிகளுக்கு அவரே தமிழில் பெயர் வைத்திருந்தார். என் வேலை. பரிசோதனை. பழசு. சமையலறை.

நாலாவதுதான் அண்ணிக்கு, அதாவது சகலையின் மனைவிக்கு. எல்லாம் போக மிஞ்சின மூலை. வந்தவர்கள் பார்த்துச் சிரிக்கட்டும் என்று வைத்த பெயர் அது. வந்தவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்கிறேன், அப்போது எனக்குப் படிக்க வராது, எல்லாரும் சிரித்ததால் சிரித்தேன். அண்ணி சிரிக்கவில்லை. நாக்கை மேலே ஒட்டி எடுத்து ஒரு சத்தம் விட்டார்.

"ப்ச்."

அவ்வளவுதான் அவர் பேச்சு. சகலை அரை மணி நேரம் அளந்ததை அந்த ஒரு சத்தத்தில் கூட்டித் தள்ளிவிடுவார். என் மனைவி வேறு ரகம். உங்க சகலைக்கு எத்தனை சிஸ்டம் இருந்தாலும் உள்ளே ஓடுறது ஃபேன் மட்டும்தான் என்று நேராகவே சொல்வாள்.

போன மழைக்காலத்தில் அண்ணி போய்ச் சேர்ந்தார். பழைய மூச்சுத் திணறல். சகலை எனக்குப் போன் பண்ணினார், நான் ரெண்டு தெரு ஓடி வந்தேன், அந்தப் பதினெட்டுப் படியிலும் அண்ணியைத் தூக்கி இறக்கியது நான்தான். ஆஸ்பத்திரியில் டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, கால் மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருக்கலாம் என்றார். அண்ணி கூப்பிட்ட மறு நிமிஷம் ஓடிப்போய்ப் பார்த்ததாகச் சகலை சொன்னார். துக்கத்துக்கு வந்த ஒவ்வொருவரிடமும் அதே வார்த்தையில் சொன்னார். கேட்காதவர்களிடமும் சொன்னார்.

அவர்கள் மகளை நாங்கள் சிட்டு என்போம். வெளியூரில் நர்ஸ். அவள் சனிக்கிழமை கூப்பிட்டாள். அவள் வேலைக்குப் போன பிறகு அண்ணி தினமும் மத்தியானம் அந்த நாலாவது சிஸ்டத்தைத் திறந்து, மைக் முன்னால் உட்கார்ந்து மகளிடம் பேசுவது போலப் பேசிப் பதிந்து வைத்திருந்தாராம். நாற்பது பதிவு. மகள் பிறந்தநாளுக்கு மொத்தமாக அனுப்ப நினைத்தது அதற்குள் முடியாமல் போயிற்று. தங்கச்சியிடம் மட்டும் எண்ணிக்கையோடு சொல்லியிருந்தார். என் மனைவி இப்போதுதான் சிட்டுவிடம் சொன்னாள். சொல்லி ரெண்டு நாளில், சகலை அந்தத் தடுப்பை அழித்து அஞ்சாவதாக ஏதோ ஒரு சிஸ்டம் போடப்போவதாகத் தகவல்.

"அம்மா குரல் எங்கிட்ட ஒண்ணுகூட இல்ல சித்தப்பா" என்றாள். "போன்ல பேசினதெல்லாம் பேசினதோட போச்சு. நீங்கதான் போய் எடுக்கணும். அப்பாகிட்ட நான் கேட்டுட்டேன். சிரிக்கிறாரு."

அதுதான் பென் டிரைவ்.

கம்ப்யூட்டர் அறையில் திரைச்சீலை பகலிலும் மூடியிருக்கும். மானிட்டரில் வெளிச்சம் அடிக்கக் கூடாதாம். வெளியே வெயில் கொளுத்தியது. உள்ளே சாயங்காலம் போல மங்கல். மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை கிறீச்சிட்டது. தலைவலித் தைலத்தின் வாசனை அடித்தது. அண்ணி நெற்றியில் எப்போதும் தடவியிருப்பாரே, அந்தத் தைலம். ஆள் போய் எட்டு மாசம் ஆகிவிட்டது.

சகலைக்கு என் கயிறு போதும், நான் வேண்டாம். அண்ணியின் பீரோவைக் கீழே இறக்கு என்றார். அஞ்சாவது சிஸ்டம் வந்ததும் அந்த இடத்தில் இன்னொரு மேஜை போடப்போகிறாராம். பீரோவை நகர்த்த வேண்டுமென்றால் பக்கத்து முக்காலியில் இருந்த கம்ப்யூட்டர் பெட்டியை எடுக்க வேண்டும். ஸ்பீக்கர் ஒயர்களைப் பிடுங்கிச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பெட்டியைப் பிடித்துத் தூக்கினேன்.

வரவில்லை.

அந்தப் பெட்டியை வாங்கிய அன்றைக்கு மாடி ஏற்றியதும் நான்தான். பத்துக் கிலோ. என் கைக்குக் கனம் மறக்காது. இன்னொரு தரம் மூச்சைப் பிடித்துத் தூக்கினேன். வந்தது. ஆனால் அது பெட்டிக் கனம் இல்லை. மூட்டை ஒரே பக்கம் சாய்ந்து இழுக்கும். ஆளைத் தூக்கினால் அந்த ஆளே கொஞ்சம் அசைந்து சமாளித்துக்கொள்வார். இது சமாளித்துக்கொண்டது.

அந்தக் கனத்தை எனக்குத் தெரியும். பதினெட்டுப் படி இறக்கியிருக்கிறேன்.

பெட்டியை மேஜைமேல் வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றேன். வயசாயிடுச்சுப்பா உனக்கு என்றார் சகலை.

சட்டைப் பையிலிருந்து பென் டிரைவை எடுத்துக் காட்டி, அஞ்சு நிமிஷம் கொடுங்க, சிட்டுவுக்கு வேண்டியதை எடுத்துக்கறேன் என்றேன். அவர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார், வாழ்நாளில் அப்படி ஒன்றைப் பார்க்காதவர் போல.

"இதை எந்தப் பக்கம் சொருகணும்னு தெரியுமா உனக்கு?"

தெரியும் என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்தது; பென் டிரைவை என் கையிலேயே திருப்பிப் போட்டார். சமையலறையில் என்ன இருக்கப் போகிறது, சும்மா புலம்பல், அதைக் கேட்டால் பிள்ளை டியூட்டி பார்க்க முடியாது என்று எனக்கே நியாயம் சொன்னார். அதோடு, அந்தச் சனியன் பிடித்த தடுப்பால் மற்றதும் கெட்டுப்போகிறதாம். எட்டு மாசமாக எதைத் தட்டினாலும் அதுவே திறக்கிறதாம். அண்ணி எண்ணெய்க் கையோடு தட்டித் தட்டிக் கட்டை ஒட்டிக்கொண்டது என்பது அவர் கண்டுபிடிப்பு.

பார்க்கிறாயா என்று சுவிட்சைப் போட்டார்.

நாலு வரி வந்தது. அந்தத் திரையில் தமிழ் ஒழுங்காக நிற்காது. கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் விலகிக் கிடக்கும். ஆனாலும் விரல் வைத்தால் படிக்க முடிந்தது. சகலை திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு பெட்டியில் நாலு சிஸ்டம் வைப்பதற்கு எவ்வளவு மூளை வேண்டும் என்று எனக்கு விளக்கிக்கொண்டிருந்தார். கட்டைப்பலகை அவர் கைக்கு ஒரு முழம் தள்ளி இருந்தது. என் கைக்கு அதைவிடத் தள்ளி.

பத்து. ஒன்பது.

முதல் வரிமேல் நின்ற வெள்ளைப் பட்டை ஒரு வரி கீழே இறங்கியது.

எட்டு. ஏழு.

இன்னொரு வரி.

படி இறங்குகிற மாதிரி, மூச்சு வாங்கி வாங்கி இறங்கியது. நாலாவதில் வந்து நின்றது. திறந்துகொண்டது.

சகலை திரும்பிப் பார்த்தார். பார்த்தியா என்றார், ஜெயித்தவர் போல.

திறந்துதான் இருக்கிறதே, இப்போதாவது எடுத்துக்கொள்கிறேன் என்றேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சுவிட்சை அணைத்து, புது சிஸ்டம் ஏற்றி வைத்திருந்த தன்னுடைய பென் டிரைவைச் சொருகி மறுபடி போட்டார். இந்தத் தடவை வேறு திரை. டிஸ்கின் நாலு தடுப்பும் ஒன்றன் கீழ் ஒன்றாக நின்றன. எதை அழிக்க வேண்டும் என்று கேட்டது.

சகலை திரையைப் பார்ப்பவர் இல்லை. நாலாவது சமையலறை; எட்டு வருஷமாக நாலாவதுதான். கீழ்க்கட்டையை மூன்று தரம் தட்டினார். டக், டக், டக். கண் என்மேல் இருந்தது.

நான் திரையைப் பார்த்தேன். விரல் வைத்தேன். நாலாவது வரியில் என். பிறகு வே. பிறகு லை.

"சகலை, ஒரு தடவை படிச்சுப் பாருங்க."

"நீ எனக்கு எழுத்துக் கூட்டிக் குடுக்கிறியா?"

அழித்தால் திரும்ப வராது, சம்மதமா என்று திரை கேட்டது. அவர் அதையும் படிக்கவில்லை. நான் ரெண்டாம் தடவை சொல்லவில்லை. எட்டு வருஷத்துப் பேப்பர் ஜோக் எல்லாம் அந்த நேரம் என் வாயில் வந்து உட்கார்ந்துகொண்டது.

அவர் தட்டினார்.

பச்சைப் பட்டை ஓடத் தொடங்கியது. பத்து சதம். முப்பது. அறுபது. சகலை அஞ்சாவது சிஸ்டத்தின் மகிமையைச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

எழுபத்தொன்றில் நின்றது.

மின்விசிறி கிறீச்சிடுவது நின்றது. அது சுற்றிக்கொண்டுதான் இருந்தது; சத்தம் மட்டும் இல்லை. தைல வாசனை கண்ணைக் கரித்தது.

எழுபத்தொண்ணு என்றார் சகலை மெதுவாக. அவர் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒன்று வந்தது. அணைத்துவிடுங்க, போகலாம் என்றேன்.

"இரு, பாதியில விட முடியாது."

சொல்லிவிட்டு அவரே தன் வாயைப் பொத்திக்கொண்டார். எதற்கென்று எனக்கு அப்போது தெரியவில்லை.

மேஜைமேல் இருந்த ஸ்பீக்கரிலிருந்து ஒரு குரல் வந்தது. ரொம்பச் சன்னமாக.

"ஏங்க."

சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தேன். ஸ்பீக்கர் ஒயர் அங்கேதான் இருந்தது.

மூச்சு இழுபடுகிற சத்தம். உள்ளே போன காற்று வெளியே வர வழி தேடுகிற சத்தம். பிறகு அதுவும் இல்லை. பிறகு, எங்கள் இருவருக்கும் நடுவில், ஸ்பீக்கரிலிருந்து இல்லை, காதுக்குப் பக்கத்தில்:

"ப்ச்."

பட்டை நூறுக்குப் பாய்ந்தது. பெட்டி தானாக அணைந்து தானாக எழுந்தது.

கறுப்புத் திரை. ஒரே ஒரு வரி.

சமையலறை.

என் வேலை இல்லை. பரிசோதனை இல்லை. பழசும் இல்லை. எட்டு வருஷத்து ஆபீஸ் கோப்பு, போட்டோ, மூளை எல்லாம் போயிற்று. அவர் அழித்தது ஒன்று. மற்ற இரண்டையும் யார் அழித்தது என்று நான் கேட்கவில்லை. மூலையில் எண் பத்திலேயே நின்றது, இறங்கவில்லை. சகலை கட்டையைத் தட்டினார், குத்தினார், உள்ளங்கையால் அறைந்தார். வரி அசையவில்லை. நான் அவரை ஒதுக்கிவிட்டு, இந்தத் தடித்த விரலால் ஒரு தட்டுத் தட்டினேன்.

திறந்தது. நீலத் திரையில் ஒரே ஒரு உறை, ஃபோல்டர் என்பார்களே அது. மேலே "சிட்டுக்கு" என்று இருந்தது.

பென் டிரைவைச் சரியான பக்கமே சொருகினேன். எண்ணிப் பார்த்தேன். நாற்பத்தொன்று. மனைவி நாற்பது என்றுதானே சொன்னாள் என்று ஓர் எண்ணம் வந்து போனது.

சகலை சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். அந்தப் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விடு, குப்பையில் போடு, என் கண்ணில் காட்டாதே என்றார். பீரோ அப்படியே கிடக்கட்டும் என்றார். நான் குனிந்து, காலை அகட்டி, அந்தக் கனத்துக்கு முதுகைத் தயார் பண்ணிப் பெட்டியைத் தூக்கினேன்.

பத்துக் கிலோ.

உள்ளே இருந்தவர் இறங்கிவிட்டார்.

கீழே வருகிறவரைக்கும் நான் திரும்பிப் பார்க்கவில்லை. மேலே அந்த மங்கல் அறையில் மின்விசிறி மறுபடி கிறீச்சிடத் தொடங்கியது.

நாற்பது பதிவும் சிட்டுவுக்குப் போய்ச் சேர்ந்தது. ராத்திரி டியூட்டி முடிந்து வந்து, தூங்காமல் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். அம்மா சிரிக்கிறாங்க சித்தப்பா என்றாள். இவ்வளவு சிரிப்பாங்கன்னு எனக்குத் தெரியாது என்று அவள் அழுத அழுகையில் பாரம் இல்லை. அதற்காக நான் எத்தனை படி வேண்டுமானாலும் ஏறுவேன்.

நாற்பத்தொன்றாவதை நான் அனுப்பவில்லை. நானும் மனைவியும் முதலில் கேட்டோம். தேதி அண்ணி இறந்த நாள். அவர் அடுத்த அறையிலிருந்து கூப்பிடுகிறார், ஏங்க என்று. சகலை குரல் கிட்டத்தில் கேட்கிறது: எழுபத்தொண்ணு ஆயிடுச்சு, இரு, பாதியில விட முடியாது. மறுபடி ஏங்க. மறுபடி இரு. பதினாலு நிமிஷம் ஓடுகிறது அந்தப் பதிவு. கூப்பிட்ட மறு நிமிஷம் ஓடினவர்.

இதில் என் மனைவிக்குத் தோன்றாத ஒன்று எனக்குத் தோன்றியது. ஒன்று ஓடும்போது மற்றது செத்துக் கிடக்கும் என்று சகலைதான் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு அவருடையது ஓடிக்கொண்டிருந்தது. செத்துக் கிடந்த நாலாவதில் யார் இதைப் பதிந்தது?

எங்கள் வீட்டில் காலியாக இருந்த பிளக் பாயிண்ட் சமையலறையில்தான். பெட்டியை அங்கே வைத்தேன். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதப் படிக்கப் பழகலாம் என்று நினைத்தேன். மறுநாள் திறந்தபோது உறைக்குள் நாற்பத்திரண்டு. அதற்கடுத்த நாள் நாற்பத்து மூன்று. பிளக்கைப் பிடுங்கி வைத்தேன். மூன்று நாள் கழித்துப் போட்டால் மூன்று கூடியிருந்தது. எல்லாம் மத்தியான நேரம்.

கேட்டுப் பார்த்தேன். எங்கள் வீட்டுச் சத்தம் இல்லை. சுற்றுக்கு ஒரு தடவை கிறீச்சிடுகிற மின்விசிறி. சகலையின் நாற்காலி. அவர் புதிதாக வாங்கின கம்ப்யூட்டரைத் தட்டுகிற சத்தம், தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற பெருமை. அதன் முடிவில், ஒவ்வொரு நாளும், பக்கத்திலிருந்து ஒரு "ப்ச்".

அவரிடம் போய்ச் சொன்னேன். சொல்ல வேண்டியது முறை. புதுசில் மூன்று சிஸ்டம் ஏற்றியாயிற்று என்றார். தைல வாசனை அவர் சட்டையிலேயே அடித்தது.

"பேயை எழுத்துக் கூட்டிப் படிச்சியா?" என்றார்.

ரெண்டாம் தடவை சொல்ல இந்த முறையும் எனக்கு வாய் வரவில்லை.

இன்று எனக்கு லீவு, மத்தியான நேரம். உறையைத் திறந்து எண்ணினேன். எழுபத்தொன்று.

விரலை எடுத்துவிட்டு மறுபடி எண்ணினேன். எழுபத்தொன்றுதான். போட்டுக் கேட்டேன்.

மின்விசிறி கேட்கவில்லை. மூச்சு இழுபடுகிற சத்தம். ஆண் மூச்சு. நாற்காலி சாய்ந்து விழுகிறது. யாரு, யாரங்கே என்கிறார் சகலை; பாதி வார்த்தைதான் வெளியே வருகிறது. பிறகு அண்ணி. அவசரமே இல்லாமல், அடுப்பில் எதையோ கிளறிக்கொண்டே சொல்கிறவர் போல.

"இருங்க. பாதியில விட முடியாது."

அதன் பிறகு ஒரு போன் அடிக்கிறது. சகலையின் போன், அந்த மணியை எனக்குத் தெரியும். யாரும் எடுக்கவில்லை. பதினோரு தடவை அடித்ததை எண்ணினேன். அத்தோடு பதிவு முடிந்தது.

மனைவி செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கி ஓடினாள். நான் கைப்பேசியை எடுத்தேன். அப்போதுதான் உறைத்தது. சகலையை இன்றைக்கு நான் இன்னும் கூப்பிடவே இல்லை.

கூப்பிட்டேன்.

ஒன்று. ரெண்டு. மூன்று. எண்ணிக்கொண்டே நானும் ஓடத் தொடங்கினேன். தெருமுனையில் ஏழு. அவர் வீட்டு வாசலில் ஒன்பது. மனைவி மேலே கதவைத் தட்டுவது கேட்டது. உள்ளே போன் அடிப்பதும் கேட்டது. நாலு படி ஏறியிருந்தேன்.

பதினொன்றில் யாரோ எடுத்தார்கள்.

சகலை, என்றேன். சுற்றுக்கு ஒரு தடவை மின்விசிறி கிறீச்சிட்டது. பிறகு, காதோடு ஒட்டி, ஒரே ஒரு தரம்:

"ப்ச்."